யாழ்ப்பாணத்திலிருந்து உளமருத்துவத்துக்கு: பயிற்சி, வேலை, நாடு தெரிவு பற்றி ஒரு வழிகாட்டி

எம்.பி.பி.எஸ். முடித்து இன்டர்ன் நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள், இன்டர்ன்ஷிப்பில் மூச்சு விட நேரமில்லாமல் இருப்பவர்கள், ஏதோ ஓர் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் புதிதாகப் போடப்பட்டவர்கள். இந்த மூன்று கூட்டத்துக்கும் இதை எழுதுகிறேன். உளமருத்துவம் செய்ய விருப்பம் என்று வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சேர், எந்த நாடு நல்லது?"

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் போகிற இடத்தில் ஒரு மூத்தவர் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் உங்களோடு தனியாக உட்கார்ந்து உங்கள் நோயாளரைப் பற்றிப் பேசுவார்? சத்திரசிகிச்சையில் நீங்கள் தையல் பிழையாகப் போட்டால் அது கண்ணுக்குத் தெரியும். நமது துறையில் பிழையான கேள்வி கேட்டதும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதும் வெளியே தெரியாது. யாராவது பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சம்பளம், விசா, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் துறையைப் பாருங்கள்

இறுதி ஆண்டில் உளமருத்துவம் தனிப் பாடமாக இருப்பதால் எல்லோரும் சில கிழமை விடுதியில் நின்றிருப்பீர்கள். விடுதியில் தெரிவது ஒரு பக்கம் மட்டும்தான். நோய் உச்சத்தில் இருக்கும்போது வருகிறவர்களைத்தான் அங்கே பார்க்கிறீர்கள். அதை வைத்துத் துறையை விரும்பவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். இன்டர்ன் நியமனம் வரும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலோ தெல்லிப்பழையிலோ உள்ள கொன்சல்டன்டிடம், அதாவது நிபுணரிடம், நேரே போய், கிளினிக்கில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பொதுவாக மறுக்க மாட்டார்கள். சமூக உளநலத் தாதியர் வீடுகளுக்குப் போய் மாத ஊசி போடுகிற நாளில் அவர்களோடும் போய் வாருங்கள். மருத்துவ விடுதியில் நஞ்சு குடித்துப் பிழைத்தவரைப் பார்க்க உளநலப் பிரிவிலிருந்து ஆள் வரும்போது கூடவே நில்லுங்கள்.

கிளினிக்கில் எதைக் கவனிப்பது? ஓர் உதாரணம் சொல்கிறேன். நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலப் படகு, அதற்குப் பிறகு பஸ். மகனுக்கு, மற்ற மருந்துக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கிற குளோசபின் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும். வெள்ளணுக்கள் விழுந்தால் சாதாரணத் தொற்றே உயிரை வாங்கிவிடும். புதிய டொக்டர் குரல் கேட்குதா, நித்திரை எப்படி என்று கேட்டு, இரத்தப் பெறுபேற்றைப் பார்த்து, மருந்தை எழுதிவிடுவார். அனுபவமுள்ளவர் இன்னொன்றும் கேட்பார்.

"அம்மா, வீட்டில எத்தனை நாளுக்குக் குளிசை இருக்கு?"

"மூண்டு நாளைக்கு இருக்குது ஐயா. கடல் அடிச்சா போட் விடமாட்டாங்கள்."

குளோசபின் 48 மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டால் பழைய அளவிலேயே திரும்பக் கொடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி மெல்ல ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் விழலாம், வலிப்பு வரலாம். ஆகவே அந்தத் தாய் திரும்பும்போது அவர் கையில் மருந்தோடு நெடுந்தீவு வைத்தியசாலை டொக்டருக்கு ஒரு கடிதமும் இருக்க வேண்டும்: போட் ஓடாவிட்டால் என்ன செய்வது, எத்தனை நாள் தவறினால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் எந்தப் பரிசோதனை. மருந்தியல் புத்தகத்தில் 48 மணித்தியாலம் இருக்கும். மார்கழிக் கடல் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குவதுதான் பயிற்சி. இப்படி ஒரு காலைப்பொழுது உட்கார்ந்த பிறகும் உங்களுக்குச் சலிப்பு வராவிட்டால் துறை உங்களுக்குச் சரிவரும்.

இலங்கைக்குள் உள்ள வழி

இன்டர்ன்ஷிப் ஒரு வருடம், ஆறு ஆறு மாதமாக இரண்டு துறைகளில். அது முடிந்து இலங்கை மருத்துவ சபையின் முழுப் பதிவு. பிறகு சுகாதார அமைச்சின் நியமனப் பட்டியல். அதிலே உளநல மருத்துவ அதிகாரி இடம் வந்தால் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, கொழும்புக்குப் பக்கத்திலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பிரிக்கச் சொன்னது. அந்த எண்ணத்தின் முதுகெலும்பே மாவட்ட வைத்தியசாலைகளில் உள்ள மருத்துவ அதிகாரிகள்தான். பெரிய தேர்வுக்குப் போகுமுன் இந்த வேலையில் ஒரு வருடம் நின்றால், பிறகு நிபுணர் பயிற்சியில் ரெஜிஸ்ட்ராராக வருகிறபோது கிராமத்தில் நோய் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும்.

அதற்கு மேலே இரண்டு பாதைகள். ஒன்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், அதாவது பீ.ஜி.ஐ.எம்., நடத்தும் டிப்ளோமா. மற்றது நிபுணராவதற்கான எம்.டி. பட்டம். டிப்ளோமா குறுகியது, அதை முடித்தவர்கள் மாவட்டங்களில் ஒரு பிரிவையே கொண்டு நடத்துகிறார்கள். எம்.டி. என்றால் தெரிவுப் பரீட்சை, ஏறத்தாழ 3 வருடம் ரெஜிஸ்ட்ரார், இறுதிப் பரீட்சை, அதற்குப் பிறகு 2 வருடம் சீனியர் ரெஜிஸ்ட்ரார். அந்த இரண்டில் ஒன்று வழமையாக வெளிநாட்டில். எல்லாம் முடிந்து போர்ட் சான்றிதழ் வந்தால்தான் கொன்சல்டன்ட். தகுதி, சேவைக்கால விதிகள் அடிக்கடி மாறுவதால் நண்பர் அனுப்பிய பழைய பி.டி.எஃப்.ஐ நம்பாமல் அந்த வருடத்து அறிவித்தலையே பாருங்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பெரிய தடை உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பயிற்சியின் பெரும்பகுதி தெற்கில். அங்கொடையிலோ கண்டியிலோ உங்கள் முன்னால் இருப்பவர் சிங்களம் பேசுவார். மருத்துவ விடுதியில் "நோகுதா, எவ்வளவு நாள்" என்ற அளவு சிங்களத்தோடு சமாளித்துவிடலாம். உளமருத்துவத்தில் அது போதாது. ஒருவர் தன் அவமானத்தைச் சுற்றிவளைத்துச் சொல்லும்போது அதைப் பிடிக்க வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று அவர் பயப்படாதபடி கேட்க வேண்டும். ஆகவே தெரிவுப் பரீட்சைக்குப் படிக்கிற அதே காலத்தில் சிங்களமும் படியுங்கள். இலக்கணத்தில் தொடங்க வேண்டாம். உளநிலைப் பரிசோதனையில் கேட்கிற கேள்விகளை ஒரு சிங்கள நண்பரிடம் கொடுத்து, அவருடைய ஆச்சியிடம் எப்படிக் கேட்பாரோ அப்படியே சொல்லச் சொல்லி எழுதிப் பாடமாக்குங்கள். பதில் விளங்காவிட்டால் தாதியரை உதவிக்குக் கூப்பிடுங்கள். தற்கொலை எண்ணம், வீட்டு வன்முறை, பாலியல் துன்புறுத்தல் பற்றிக் கேட்கும்போது மட்டும் நோயாளரின் கணவரையோ மாமியையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். அவர்களே பிரச்சினையின் பங்காளிகளாக இருக்கலாம்.

வேலை நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கிடைக்கிற அனுபவத்தின் அகலம் வேறெங்கும் கிடைப்பது கடினம். ஒரே நாளில் பிரசவத்துக்குப் பின் மனநோய் வந்த பெண், மது நிறுத்தி நடுக்கத்தோடு வந்த மேசன், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக இன்னும் சோறு எடுத்து வைக்கிற தாய், ஐஸ் போதைப்பொருள் பாவித்து நித்திரையில்லாத பெடியன் என்று எல்லோரும் வருவார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்தில் இங்கேயே இருந்து, விடுதிக்கு வெளியே ஆசிரியர்களையும் கிராமத்து ஊழியர்களையும் பயிற்றுவித்து உருவாக்கிய சமூக உளநல மரபு இந்த மண்ணில் இருக்கிறது. ஆனால் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடம் குறைவு. தனிப்பட்ட மேற்பார்வை நேரம் நேர அட்டவணையில் எழுதப்பட்டிருக்காது. அது கொன்சல்டன்டின் மனதையும் அன்றைய கிளினிக்கின் நீளத்தையும் பொறுத்தது.

மேற்பார்வை நேரத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

இதை ஒரு தனிப் படியாகவே வைக்கிறேன், ஏனென்றால் பலர் கேட்பதே இல்லை. "சேர் பிஸி" என்று நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

வேலையில் சேர்ந்த முதல் கிழமையே கேளுங்கள். "சேர், கிழமைக்கு ஒரு நாள் கிளினிக் முடிய அரை மணித்தியாலம் தருவீங்களா? ரெண்டு கேஸ் கொண்டு வாறன்" என்று கேட்டால் போதும். நாளும் நேரமும் நிச்சயமாக இருக்கட்டும். "நேரம் கிடைக்கும்போது" என்றால் அது கிடைக்கவே கிடைக்காது. கொண்டுபோகும்போது முழு வரலாற்றையும் ஒப்புவிக்காதீர்கள். நீங்கள் தடுமாறின இடத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். எந்த நோயாளர் உங்களுக்குக் கோபம் வரப் பண்ணினார், யாரைப் பார்க்காமல் தட்டிக் கழிக்கத் தோன்றியது, எந்த வீட்டுக்காரரைச் சமாளிக்க முடியவில்லை என்பவை வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இல்லை. மேற்பார்வையே அதற்குத்தான். பேசினதை அன்றே இரண்டு வரியில் எழுதி வையுங்கள். நாளைக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தக் கொப்பி உதவும்.

கொன்சல்டன்டுக்கு உண்மையிலேயே நேரமில்லாவிட்டால் உங்கள் வயதுக்காரர் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதத்துக்கு இரண்டு தடவை கூடுங்கள். ஒருவர் ஒரு நோயாளரைப் பற்றிப் பேச, மற்றவர்கள் மருந்தைப் பற்றி வாய் திறக்காமல் அந்த உறவைப் பற்றி மட்டும் பேசுவது. பிரித்தானியாவில் இதற்கு பாலிண்ட் குழு என்று பெயர். அங்கே புதிதாகப் பயிற்சிக்கு வருகிற வைத்தியர்கள் கட்டாயம் கலந்துகொள்கிறார்கள். ஒரு மூத்தவர் இடைக்கிடை வந்தால் இங்கும் நடத்தலாம்.

வெளியே போக நினைத்தால்

பயிற்சியின் நீளமே நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் எம்.டி. 3 வருடம், அமெரிக்காவில் 4, ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஜெர்மனியிலும் 5, பிரித்தானியாவில் 6. நீளம் கூடினால் தரம் கூடும் என்று அர்த்தமில்லை. அந்த வருடங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவை முதலில் எடுப்போம், நம்மவர்கள் அதிகம் போவது அங்கேதான். இரண்டு வகையாகப் போகலாம். இங்கே எம்.டி. முடித்து சீனியர் ரெஜிஸ்ட்ராராக ஒரு வருடம் போய் வருவது ஒன்று. திரும்பி வந்து சேவை செய்வதாகக் கையெழுத்திட்ட பிணைமுறியோடுதான் அந்தப் பயணம். மற்றது, இங்கே பயிற்சி தொடங்காமலே நிரந்தரமாகப் போவது. இரண்டாவதுக்கு ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ்.இல் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையாமல் வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யில் எல்லாப் பகுதியிலும் பி. பிறகு வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கான பிளாப் பரீட்சையின் இரண்டு பகுதியும். அதன் பின் பயிற்சி இடத்துக்கு எம்.எஸ்.ஆர்.ஏ. பரீட்சை. முதல் 3 வருடம் கோர் ட்ரெய்னிங் என்ற அடிப்படைப் பயிற்சி. அந்தக் காலத்தில் அங்குள்ள உளமருத்துவர் கல்லூரியின் எம்.ஆர்.சி.சைக். பரீட்சையின் பேப்பர் ஏ, பேப்பர் பி, பிறகு காஸ்க் என்ற செய்முறைத் தேர்வு. அடுத்த 3 வருடம் உயர் பயிற்சி.

வேலை நிலையில் அங்கே எனக்குப் பிடித்தது, எல்லாம் எழுத்தில் இருப்பது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கொன்சல்டன்டோடு தனி மேற்பார்வை, அட்டவணையிலேயே உண்டு. சராசரி வேலை நேரம் கிழமைக்கு 48 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தொடர்ச்சியான 168 மணித்தியாலத்திலும் 72க்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு ஷிஃப்ட் 13 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் முறைப்பாடு பதிவு செய்ய வழி இருக்கிறது, அதைப் பார்க்கவென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். உளச்சிகிச்சையிலும் குறுகிய காலத்துக்கு ஒருவர், நீண்ட காலத்துக்கு ஒருவர் என்று நீங்களே நடத்தி முடிக்க வேண்டும். இது நம்மிடம் மெலிந்து கிடக்கிற பகுதி, போகிறவர்கள் இதை விடாமல் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி இடங்களுக்குப் போட்டி மிகக் கடுமையாகிவிட்டது. 2025 ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில், தங்கள் நாட்டுப் பட்டதாரிகளுக்கும் அங்கே கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று அரசு சொல்லியிருக்கிறது. பிளாப் எடுத்துவிட்டு வேலையில்லாமல் லண்டனிலே சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அண்ணன் அனுப்பிய காசு கரைந்துகொண்டு போகும். அதனால் பிளாப்புக்குப் பணம் கட்டுமுன், வேலை கிடைக்காவிட்டால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்று வீட்டாரோடு இருந்து கணக்குப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பயிற்சியை நடத்துவது ஒரே உளமருத்துவர் கல்லூரி. குறைந்தது 60 மாதம், மூன்று கட்டமாக. மேற்பார்வை விதி அங்கே இன்னும் இறுக்கமானது: கிழமைக்கு 4 மணித்தியாலம், வருடத்தில் 40 கிழமை, அதில் ஒரு மணித்தியாலம் தனியாக. ஒரே நோயாளருக்குக் குறைந்தது 40 அமர்வு உளச்சிகிச்சை செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் பிரிவிலும் பொது வைத்தியசாலை ஆலோசனைப் பிரிவிலும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம்; 2025 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸில் சுமார் 200 அரசுத்துறை உளமருத்துவர்கள் சம்பளப் பிரச்சினையில் ஒரேயடியாக இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மூத்தவர்கள் போய்விட்ட இடத்தில் விதியில் 4 மணித்தியாலம் இருந்தாலும் உட்கார ஆள் வேண்டுமே. விண்ணப்பிக்கிற மாநிலத்தில் இப்போது என்ன நிலை என்று அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் உளமருத்துவத்துக்கு 4 வருட ரெசிடென்சி, அதாவது வைத்தியசாலையில் வேலை செய்தபடி பெறுகிற நிபுணர் பயிற்சி. அந்த நாட்டு மருத்துவ உரிமப் பரீட்சையான யூ.எஸ்.எம்.எல்.ஈ. எடுத்து, பயிற்சி இடங்களைப் பங்கிடுகிற, மார்ச்சில் நடக்கும் மேட்ச் வழியாக இடம். பரீட்சையின் முதல் பகுதியான ஸ்டெப் 1க்கு 2022 முதல் புள்ளி இல்லை, சித்தி அல்லது தவறல் மட்டும். அதனால் ஸ்டெப் 2இன் புள்ளிக்கு எடை கூடிவிட்டது. வேலை நேர எல்லை நான்கு கிழமைச் சராசரியில் கிழமைக்கு 80 மணித்தியாலம். பிரித்தானியாவின் 48ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜே-1 விசாவில் போனால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அல்லது வைத்தியர் தட்டுப்பாடான இடத்தில் வேலை செய்து விலக்கு வாங்க வேண்டும். கனடாவில் உறவினர் நிறைய இருந்தாலும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ரெசிடென்சி இடங்கள் மிகச் சில.

ஜெர்மனி பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். மொழிதான் வாசல். பொது ஜெர்மன் பி2, அதற்கு மேல் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு, பெரும்பாலும் அறிவுத் தேர்வும். 5 வருடத்தில் ஒரு வருடம் நரம்பியல். அங்கே உளச்சிகிச்சையும் சேர்ந்ததுதான் நிபுணர் பட்டம் என்பதால், பேச்சு மொழி நன்றாக ஊறாமல் இதைச் செய்ய முடியாது.

இந்தியா பக்கத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில் நம் மொழியிலேயே நோயாளரைப் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பெயர் உலகம் அறிந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை போகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளர் உரிமையில் நம்முடையதைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது; மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதை அது தடை செய்கிறது, முன்கூட்டியே தன் சிகிச்சை விருப்பத்தை எழுதி வைக்க உரிமை தருகிறது. மருத்துவமனைக்கு மருத்துவமனை ரெசிடென்டுகளின் வேலை நேரம் மிக வேறுபடும், தொடர்ச்சியாக ஒரு நாளுக்கு மேல் நிற்கிற ட்யூட்டி அங்கே புதிதில்லை. திரும்பி வந்தால் அந்தப் பட்டம் இங்கே எப்படி மதிக்கப்படும் என்பதையும் மருத்துவ சபையிடமும் பீ.ஜி.ஐ.எம்.இடமும் எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

இந்தக் கேள்விகளை நிர்வாகத்திடம் கேட்டால் கையேட்டில் உள்ள பதில்தான் வரும். அங்கே இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஒருவரைப் பிடியுங்கள். முதல் வருடத்தவருக்கு இன்னும் தெரியாது, கடைசி வருடத்தவர் மறந்திருப்பார். கேளுங்கள்:

போன மாதம் உண்மையில் எத்தனை தடவை தனி மேற்பார்வை கிடைத்தது?
இரவில் கூப்பிட்டால் மூத்தவர் தொலைபேசி எடுப்பாரா, தேவைப்பட்டால் வருவாரா?
ஓன் கோல் என்ற இரவுக் கடமை முடிந்த மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாமா, இல்லை கிளினிக்கில் இருக்க வேண்டுமா?
நோயாளர் அடித்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும்? யார் வந்து பார்த்தார்கள்?
பிள்ளை பெற்றுத் திரும்பியவர்கள் யாராவது அந்தப் பிரிவில் இருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியை ஆண்களும் கேளுங்கள். பிள்ளை பெற்று வருகிற பெண் வைத்தியரை ஒரு பிரிவு எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தால் மற்ற எல்லோரையும் எப்படி நடத்தும் என்று தெரிந்துவிடும்.

உலக உளமருத்துவச் சங்கத்திலும் ஐரோப்பாவில் உளமருத்துவப் பயிற்சி பெறுகிறவர்களின் கூட்டமைப்பிலும் இளம் உளமருத்துவர்கள் தங்கள் நாட்டுப் பயிற்சி நிலையை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். இலங்கையில் உளமருத்துவர் கல்லூரியின் வருடாந்த மாநாடு இருக்கிறது. முதல் வருடத்திலேயே போய் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன கேள்விகளுக்கு உண்மையான பதில் தேநீர் இடைவேளையில்தான் கிடைக்கும்.

வேலையில் முதல் மாதங்கள்

முதல் நாளே மூன்று விஷயம் பாருங்கள். நோயாளரைப் பார்க்கும் அறையில் கதவு எந்தப் பக்கம், நீங்கள் கதவுக்குக் கிட்ட உட்காரலாமா. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யார் இருப்பார்கள். அவசர ஊசி மருந்துகள் எங்கே, அதைப் போட்ட பிறகு மூச்சும் நாடியும் யார் பார்ப்பது. புதிய நோயாளரைத் தனியாக, அடைத்த அறையில், அவருடைய பழைய குறிப்பை வாசிக்காமல் பார்க்க வேண்டாம். பெரும்பாலான நோயாளர் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பயந்துபோன மனிதரைப் பயந்துபோன டொக்டர் பார்க்கும்போதுதான் விபரீதம் நடக்கிறது.

தங்கும் இடத்தின் பாதுகாப்பும் வேலை நிலைதான். 2025 மார்ச்சில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் தன் விடுதியில் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி வைத்தியர் ஒருவர் வைத்தியசாலைக்குள்ளேயே கொல்லப்பட்டார். விடுதிப் பூட்டு சரியில்லை, பாதையில் லைட் இல்லை, காவலர் இல்லை என்றால் அதை வாயால் சொல்லி விடாமல் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது ஒருபோதும் சலுகை கேட்பதாகாது.

அப்புறம் சட்டம். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அனுமதிக்கும் அதிகாரம் வைத்தியர்களில் நமக்கு மட்டும்தான் அன்றாட வேலையாக வருகிறது. இலங்கையில் அதற்கான அடிப்படைச் சட்டம் 1873இல் வந்தது, 1956இல் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த வரைவுகள் சட்டமாகவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம். எந்தப் பிரிவில் எத்தனை மணித்தியாலம் வைத்திருக்கலாம், நோயாளர் எங்கே மேன்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. உங்கள் இடத்துச் சட்டம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஒரு பழக்கத்தை இன்றே தொடங்கலாம்: ஏன் அனுமதித்தீர்கள், நோயாளர் என்ன சொன்னார், வேறு என்ன வழி யோசித்தீர்கள், எப்போது திரும்பப் பார்ப்பீர்கள் என்று எழுதுவது. இன்னொன்று, தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. வைத்தியசாலையில் இன்னும் பொலிஸைச் சொல்லி வெருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், மற்றவர் செய்தால் திருத்துங்கள்.

சம்பளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே அடிப்படைச் சம்பளத்தோடு வைத்தியர்களுக்குரிய டி.ஏ.டி. என்ற கொடுப்பனவு, மேலதிக நேரம் சேர்ந்துதான் கைக்கு வரும் தொகை. வெளிநாட்டில் வாடகை, வரி, பரீட்சைக் கட்டணம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தொகையை மட்டும் ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துப் பிரமிக்க வேண்டாம்.

வீடும் நீங்களும்

"ஏன் பிள்ளை கார்டியோலஜி செய்யேல்லையே? விசருக்கோ மருந்து குடுக்கப் போறாய்?" இதை வீட்டில் கேட்பீர்கள். கலியாணப் பேச்சிலும் வரும். வாதாடிப் பயனில்லை. ஒரு நாள் அம்மாவிடமோ அப்பாவிடமோ, பேர் ஊர் சொல்லாமல், குணமாகி வேலைக்குத் திரும்பிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவர்களே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நோயாளர் ஒருவர் தற்கொலை செய்துகொள்வது இந்தத் துறையில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்குத் தனியாக விடுதியறைக்குப் போகாதீர்கள். கொன்சல்டன்டுக்குச் சொல்லுங்கள், குறிப்பில் இருப்பதை மாற்றாதீர்கள், குடும்பத்தைச் சந்திக்க வேண்டியிருந்தால் மூத்தவரோடு போங்கள். இரண்டு கிழமை கழித்து நித்திரை வராமல், ஒவ்வொரு நோயாளரையும் பயத்தோடு பார்க்கத் தொடங்கினால் அது களைப்பு மட்டுமில்லை.

அப்போது உங்களுக்கு நீங்களே மருந்து எழுதாதீர்கள். கூட வேலை செய்கிற நண்பரிடம் வராந்தாவில் நின்று மருந்துச்சீட்டு வாங்குவதும் சரியில்லை. யாழ்ப்பாணம் சின்ன ஊர், கிளினிக்கில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற தயக்கம் எனக்கு விளங்குகிறது. அப்படியென்றால் வேறு மாவட்டத்திலுள்ள ஒரு கொன்சல்டன்டிடம் நேரம் எடுத்துப் போங்கள். உங்கள் மேற்பார்வையாளராகவோ பரீட்சகராகவோ வரக்கூடியவராக அவர் இருக்கக் கூடாது. இரவில் தாங்க முடியாமல் போனால், நோயாளருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கிற தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் உங்களுக்கும்தான். லீவு எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவச் சான்றிதழோடு ஒழுங்காக எடுங்கள். பயிற்சிக் காலம் சில மாதம் நீளும், அவ்வளவுதான், அதற்கு பீ.ஜி.ஐ.எம்.இல் முறையான விண்ணப்பம் இருக்கிறது, லீவில் போகுமுன் அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.